ஒரு புள்ளியில் வந்த பட்டம். ஒரு கோலில் போன வாய்ப்பு!

நாட்டுக்கு நாடு முதலிடம் பெற்ற கால்பந்துக் குழுக்கள் தங்களுக்குள் மோதினால் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் அத்தகைய பந்தயம் 1955-ல் தொடங்கியது. முதல் 5 முறையும் கோப்பை ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் குழுவுக்கே! ஆசியாவில் 1967-ல் தொடங்கியது.

அந்தப் பந்தயத்தின் வாசல்வரை ஒரு தமிழ்நாட்டுக் குழுவும் சென்றது.

2019 மார்ச் 9. ஐ-லீக் பந்தயத்தின் கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டி குழு, மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்தது. சென்னைக்கு 43 புள்ளி. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் பட்டம்!

அடுத்து ஆசியா. 2020 ஜனவரியில் தகுதிச் சுற்று. எதிரே பஹ்ரைன் நாட்டு ரிஃபா குழு. தோற்றால் வெளியேற வேண்டியதுதான். சென்னை 0-1 என்று தோற்றது.

இரண்டாம் நிலைப் பந்தயமான ஏ.எப்.சி. கோப்பையில் இடம் கிடைத்தது. கொரோனா பரவவே, அதுவும் பாதியில் ரத்தாயிற்று. 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டியே இல்லை!

ரியல் மாட்ரிட் கோப்பையை வென்றது. பிறகு அதைக் காப்பாற்றிக்கொண்டது. பட்டம் ஒரு மாலையில் வந்துவிடும். அது நிலைக்க, மைதானமும் பயிற்சியும் பணமும் ஆண்டுதோறும் வேண்டும். சிறுசேரியிலும் தாம்பரத்திலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு, நிலைத்து நிற்கும் ஒரு குழு வேண்டாமா?