துவக்குக் கேட்கும் முன் சட்டக்கோவையின் 11 பிரிவுகளைப் படிப்போம்

2025 ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தனது அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தனக்கு ஆபத்து இருப்பதாக அவர் முன்கூட்டியே பொலிஸ் பாதுகாப்புக் கேட்டிருந்தார் என்ற செய்தியும் பின்னர் வெளிவந்தது. அதன் பிறகு, மக்கள் பிரதிநிதிகளுக்குத் தற்காப்புக்காகத் துப்பாக்கி வழங்க வேண்டுமா என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. அந்தப் பேச்சு கொழும்போடு நின்றுவிடவில்லை. எங்கள் முந்தலில் இறால் பண்ணை வைத்திருப்போரும் தென்னந்தோட்டக்காரர்களும் இதைத்தான் பேசுகிறார்கள். இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். எந்தக் கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று அமெரிக்கர்கள் விளக்கும் காணொளிகளை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார்கள். நான் படிப்பிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நைன் எம்எம் என்றால் என்னவென்று தெரியும். தொலைபேசி விளையாட்டு கற்றுக் கொடுத்திருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவை என்று ஒன்று இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

எமது சமூகத்தில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அதை யாரும் இலேசாக எடுக்கக் கூடாது. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவைச் சாட்டாக வைத்துத் தொடங்கிய கலவரம், மறுநாள் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றுக்குப் பரவியது. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தபோதே கும்பல்கள் வீதியில் நடமாடின. எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழில் செய்த ஒருவர் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். "அன்றைக்கு அந்த மனிசனிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால்?" என்ற கேள்வியை இன்றும் கேட்கிறார்கள். கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பொருளையும் உயிரையும் குடும்பத்தையும் காக்கப் போராடி மரணிப்பவரின் அந்தஸ்து பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் துவக்கில் இல்லை, தோட்டாவில் அறவே இல்லை என்பது என் கருத்து.

முதலில் தோட்டா விடயத்தைப் பார்த்துவிடுவோம். காணொளிகளில் பெரிதாகப் பேசப்படுவது ஹொலோ பொயிண்ட் என்று சொல்லும் குழிமுனை ரவை. அதன் நுனியில் ஒரு பள்ளம் இருக்கும். உடம்பில் பட்டதும் ரவை பூப்போல விரிந்து உள்ளேயே நின்றுவிடும். முழுவதும் உலோக உறை போட்ட சாதாரண ரவையோ உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறி, பின்னால் நிற்பவரையும் தாக்கக் கூடும். அதனால்தான் பல நாடுகளில் பொலிஸார் குழிமுனை ரவையைப் பாவிக்கிறார்கள். விரியும் ரவையின் கதை நமது பிராந்தியத்தில் தொடங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் அத்தகைய ரவைகளைச் செய்தார்கள். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் அவற்றைப் பாவிக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தன. போர்க்களத்தில் விலக்கப்பட்டது பல நாடுகளின் பொலிஸ் கையில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலேயே நியூ ஜேர்சி மாநிலம் தனி ஆட்கள் அதை வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

இலங்கையில் இந்த வாதத்துக்கே இடமில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அந்தப் பத்திரத்தையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தோட்டத்துக்கான சொட்கன் வேறு, கைத்துப்பாக்கி வேறு. கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. கடைக்குப் போய் இந்த ரவை, அந்த ரவை என்று தெரிவு செய்யும் சந்தை இங்கே கிடையாது. 2024 நவம்பரில் அமைச்சு, தற்காப்புக்காக வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் மீள்பரிசீலனைக்காக வெலிசரையில் ஒப்படைக்கும்படி கேட்டது. கொடுத்த அரசாங்கமே திருப்பிக் கேட்கக் கூடிய பொருள் அது. சட்டப்படி வாங்கினாலும் அது உங்கள் சொத்துப் போல உங்களிடம் தங்காது.

சட்டவிரோதமாகக் கிடைக்கும் கல்கட்டஸ் பற்றிப் பேசவே வேண்டாம். அதை இடுப்பில் வைத்திருக்கும் நிமிடத்திலேயே வழக்கு தொடங்கிவிட்டது. பிறகு நீங்கள் யாரிடமிருந்து உங்களைக் காத்தீர்கள் என்பது இரண்டாம் கேள்வி.

சரி, சட்டபூர்வமான துப்பாக்கி இருக்கிறது, ஒரு இரவு அதைப் பாவிக்கவும் நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீதிமன்றம் எதைக் கேட்கும்? எமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 89ஆம் பிரிவிலிருந்து 99ஆம் பிரிவு வரை தற்காப்புரிமை பற்றியவை. மொத்தம் 11 பிரிவுகள்தான். தற்காப்புக்காகச் செய்தது குற்றமாகாது என்று 89 சொல்கிறது. தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும், தன் சொத்தையும் அடுத்தவர் சொத்தையும் காக்கலாம் என்று 90 சொல்கிறது. எவ்வளவு தாராளமான சட்டம் என்று தோன்றும். 92க்கு வந்தால்தான் கயிறு இறுகும். பொலிஸாரிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு சிறு தீங்கும் செய்யக் கூடாது.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு எப்போது போகலாம் என்பதை 93உம் 96உம் எண்ணிச் சொல்கின்றன. மரணமோ கடும் காயமோ ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் போன்றவை உடல் சார்ந்தவை. சொத்தைப் பொறுத்தவரை கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், மக்கள் வசிக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல் ஆகியவை. கவனியுங்கள், 2019இல் கடைகளையும் வீடுகளையும் எரித்தவர்கள் செய்தது இந்தப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. கொட்டாரமுல்லை வீட்டின் சொந்தக்காரருக்குத் தற்காக்கும் உரிமை இருந்ததில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இறால் பண்ணைக்கு வருவோம். இரவில் குளத்தில் வலை போட்டு இறாலை அள்ளிக்கொண்டு போகிறவன் திருடன். பண்ணைக்காரரின் பல மாத உழைப்பும் கடனும் அந்தக் குளத்துக்குள் இருக்கிறது, கோபம் வருவது இயல்பு. ஆனால் குளம் வீடு அல்ல. அவன் கத்தியோடு பாய்ந்தால் ஒழிய, வெறும் திருட்டுக்காக அவன் உயிரை எடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அவன் ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் சுட்டால், அச்சம் முடிந்த பின் செய்த செயல் என்று ஆகிவிடும். காவலுக்கு நிறுத்தும் பையன்களிடம் 12 போர் துவக்கையும் எஸ்ஜி தோட்டாவையும் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு விடயத்தையாவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? எஸ்ஜி என்பது பன்றிக்குப் பாவிக்கும் பெரிய சன்னம். பயமுறுத்த மட்டும் சுட்டேன் என்று பிறகு சொன்னால் யார் நம்புவது? தோட்டாவின் தெரிவு வழக்கில் பேசும் என்பது இப்படித்தான். அது உயிரைக் காக்கிறதோ இல்லையோ, உங்கள் எண்ணத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

இதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் உண்டு. அதில் சம்பந்தப்பட்டவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் என்பதால் நான் சற்று அக்கறையோடு வாசித்தேன். 2004 மே மாதம் அரிசோனா மாநிலத்தில் ஹரல்ட் ஃபிஷ் என்பவர் காட்டுப் பாதையில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு நாய்கள் அவரை நோக்கி ஓடி வந்தன. நிலத்தை நோக்கி எச்சரிக்கையாகச் சுட்டார். நாய்களோடு இருந்தவர் கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தார் என்பது ஃபிஷின் கூற்று. மூன்று தடவை சுட்டார், வந்தவர் இறந்தார். கண்டவர் யாரும் இல்லை. வழக்கில் அரச தரப்பு, அவர் பாவித்த 10 எம்எம் துப்பாக்கியையும் குழிமுனை ரவையையும் ஜூரிகளுக்கு முன்னால் எடுத்துப் பேசியது. காட்டில் நடக்கப் போகிறவருக்கு இவ்வளவு பலமான ஆயுதம் எதற்கு என்ற கேள்வி அவரைச் சுற்றிக்கொண்டது. 2006இல் கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு 10 வருடச் சிறை விதிக்கப்பட்டது. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. அதற்குள் மூன்று வருடங்கள் சிறையில் போய்விட்டன.

அந்த வழக்கில் எமக்கு முக்கியமானது ரவை அல்ல. சம்பவம் நடந்த காலத்து அரிசோனாச் சட்டப்படி, தற்காப்புக்காகச் சுட்டேன் என்பதை ஃபிஷ்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மாநிலம் 2006இல் சட்டத்தை மாற்றி, அது தற்காப்பு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அரச தரப்பிடம் கொடுத்தது. இலங்கையில் அந்த மாற்றம் வரவில்லை. எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, விதிவிலக்கைக் கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 1969இல் ஜயசேன வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அவரும் தற்காப்பைத்தான் கோரினார். சந்தேகத்தை எழுப்பினால் மட்டும் போதாது, நடந்திருக்கக் கூடியது இதுதான் என்று காட்ட வேண்டும் என்ற நிலைப்பாட்டை அங்கும் மாற்றவில்லை.

அதாவது நள்ளிரவில், சாட்சி இல்லாத இடத்தில், நீங்கள் உயிர் பிழைத்து எதிரி இறந்துவிட்டால், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். நல்லெண்ணத்தோடு செயற்பட்டு எல்லை மீறிவிட்டீர்கள் என்று நீதிபதி கண்டால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி அது கொலையிலிருந்து இறங்கும். இறங்கினாலும் 20 வருடங்கள் வரை சிறை விதிக்க இடமுண்டு. சிறுபான்மையினர் ஒருவரைப் பற்றி ஊடகங்கள் முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதிவிடும் நாட்டில் இதன் பாரம் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் அறிவித்தது நினைவிருக்கும். அன்றாடத் தொழிலுக்கான கத்திகளுக்கு விலக்கு என்றுதான் அறிவிப்பு இருந்தது. அப்படியிருந்தும் வீட்டுக் கத்தியை வைத்து என்ன செய்வது என்று எத்தனை வீடுகளில் உம்மாமார் தடுமாறினார்கள்! கத்திக்கே அப்படி.

துப்பாக்கி வைத்திருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்களா என்றும் பார்க்கலாம். 2022 மே 9ஆம் திகதி நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவின் வாகனத்தைக் கூட்டம் மறித்தது. அவரோடு ஆயுதம் ஏந்திய பாதுகாவலரும் இருந்தார். துப்பாக்கிச் சூடு நடந்தது, கூட்டம் கலையவில்லை, ஆத்திரம்தான் கூடியது. இருவரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கணேமுல்ல சஞ்சீவ புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சுடப்பட்டபோது சுற்றிலும் காவல் இருந்தது. சுட்டவன் சட்டத்தரணி உடையில் வந்தவன், ரிவோல்வர் சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது. ஒரு கும்பலுக்கு முன்னால் ஆறு ரவைகள் என்ன செய்யும்? முதல் ரவை வெளியேறியதும், "முஸ்லிம்கள் சுடுகிறார்கள்" என்ற செய்தி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம்?

இதைச் சொல்லும்போது நம் வரலாற்றிலேயே ஒரு பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டு எங்கள் மாவட்டத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் முஸ்லிம் கிராமங்களில் ஊர்காவல் படையினருக்கு அரசாங்கம் துவக்குக் கொடுத்தது. அது தேவைப்பட்டது, பல ஊர்கள் அதனால் நிம்மதியாகத் தூங்கின. ஆனால் 1992 ஏப்ரல் இறுதியில் பொலன்னறுவையின் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றபோது, அதற்குப் பழியாக அயலிலுள்ள கரபொல, முத்துக்கல் என்ற தமிழ்க் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது. காவலுக்குக் கொடுத்த துவக்கு. உடப்புத் தமிழரும் சிங்கள மீனவரும் நாமும் ஒரே வீதியில் பயணிக்கும் இந்தக் கரையோரத்தில் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முழுவதுமாகச் சொல்ல வேண்டும், பாதியாக அல்ல.

துவக்கு வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்பார்கள். 92ஆம் பிரிவு பொலிஸாரிடம் போக நேரமிருந்தால் போ என்கிறது. 2019இல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதே எமது உண்மையான குறை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய இடமும் சட்டத்துக்குள் இருக்கிறது. கடமையைச் செய்யாத அதிகாரிக்கு எதிராக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். உயிர்த்த ஞாயிறு வழக்கில் அதே வழியால்தான் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. ஒரு மாதம் என்பது எமது ஆட்களுக்கு மையித்துக் காரியங்களிலும் எரிந்த கடையைக் கூட்டுவதிலும் போய்விடுகிறது. எத்தனை மணிக்கு 119க்கு அழைத்தோம், யார் பேசினார், முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ன இலக்கம் என்று எழுதி வைத்திருப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா?

ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் எங்கள் பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு சட்டத்தரணியைப் பேச வைக்க நிர்வாக சபையிடம் கேட்டிருக்கிறேன். பண்ணைக் காவலுக்குப் போகும் பையன்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். 89 முதல் 99 வரையான பிரிவுகள் இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கும். போட்டோக் கொப்பி எடுப்பது என் பொறுப்பு.