குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் போதுமா?

ஐதராபாத்தின் மேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ராமச்சந்திராபுரம் உழைப்பாளிகளின் ஊர். பெல் நிறுவனத்தின் நகரியமும் இஎஸ்ஐ மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன. படான்செரு தொழிற்பேட்டையும் பக்கம்தான். இங்கே ஒருவர் பக்கவாதத்தில் சாய்ந்தால் சிகிச்சைக்கு வழியுண்டு. இஎஸ்ஐ கைகொடுக்கும், அது இல்லாதவர்களுக்கு, 2023 டிசம்பரில் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மூக்குவழி உணவூட்டும் குழாயான ரைல்ஸ் டியூபுடன் நோயாளி வீடு திரும்பும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும். ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம்; இருமலே வராமலும் இது நடப்பதுண்டு. அதனால்தான் குழாய். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் மீண்டுவிடும்.

எந்தக் குழாய், எப்போது என்பது நோயைப் பொறுத்தது. பக்கவாதத்தின் தொடக்க நாட்களில், வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் பெக் குழாய் வைத்தவர்களின் நிலை, மூக்குக் குழாய் வைத்தவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்ததாக 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘ஃபுட்’ ஆய்வு சொன்னது. நான்கைந்து வாரங்களுக்குப் பிறகும் தேவை நீடித்தால் பெக் பற்றி யோசிக்கலாம். ஏஎல்எஸ் எனும் நரம்புச் சிதைவு நோயில் நிலைமை நேரெதிர்: மூச்சுத்திறன் குன்றும் முன்பே பெக் வைத்துவிட வேண்டும்; தள்ளிப்போட்டால் அதைப் பொருத்துவதே ஆபத்தாகும். முற்றிய மறதிநோயிலோ, குழாய் ஆயுளை நீட்டும் என்பதற்குச் சான்றில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

இவ்வளவு யோசித்துப் போட்ட குழாயின் பொறுப்பு, டிஸ்சார்ஜ் ஆனதும் மனைவியின் தலையிலோ மகளின் தலையிலோ விழுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும். குழாய் அடைத்துக்கொள்ளாதிருக்க நீர்க்கக் கரைத்து வடிகட்டிய கஞ்சியை வேளைக்கு 200 மில்லி வீதம் ஆறு வேளை ஊற்றினாலும் இந்தத் தேவையில் பாதிகூடத் தேறாது. வயிறு நிறைகிறது, உடம்பு கரைகிறது, படுக்கைப்புண் ஆற மறுக்கிறது. மருந்துக்கடையில் விற்கும் ஊட்டச்சத்து மாவை மாதக்கணக்கில் வாங்கத் தினக்கூலிக் குடும்பத்தால் முடியாது.

மருந்திலும் கவனம் வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயினைக் குழாய் உணவோடு சேர்த்துக் கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவின் வேலையைப் புரத உணவு குறைத்துவிடும். தலைமாட்டை 30 பாகையாவது உயர்த்தாமல் ஊற்றினால் உணவு மேலேறிப் புரையேறும் அபாயம் கூடும். இதையெல்லாம் வார்டில் பார்த்தே குடும்பத்தார் கற்றுக்கொள்வார்கள் என்று நினைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

காப்பீட்டுத் திட்டங்கள் அடிப்படையில் மருத்துவமனைச் செலவுக்கானவை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவை மட்டும் ஏற்கிறது. குழாயோ அதைத் தாண்டியும் இருக்கும். புரையேறி நிமோனியாவோடு நோயாளி ஐசியுவுக்குத் திரும்பினால் அதே காப்பீடு மறுபடி பணம் கட்டும். தடுக்கும் செலவை மறுத்துவிட்டுத் தடுக்காததன் செலவை ஏற்பது சிக்கனம் ஆகாது.

இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளும் வழங்கப்படுகின்றன. டயாலிசிஸ் பை வந்து சேரும் வாசலுக்கு உணவுக் குழாயும் ஊட்டச்சத்து மாவும் வர முடியாதா? தெலங்கானாவிலும் ‘ஆலனா’ வாகனங்களில் நோய்த்தணிப்புக் குழுக்கள் வீடு தேடிச் செல்கின்றன.

குடும்பத்தில் ஒருவராவது தம் கையால் உணவேற்றிக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் என்பதை விதியாக்க வேண்டும். தாய்மொழியில் அச்சிட்ட உணவு அட்டவணையும், குழாயை மாற்ற வரும் செவிலியரும், அதை எடுத்துவிடலாமா என்று மறுபரிசோதனை செய்யும் நாளும் சிகிச்சைத் தொகுப்பிலேயே இடம்பெற வேண்டும். குழாய் உள்ளே போனதோடு சிகிச்சை முடிவதில்லை. நோயாளி மறுபடி வாயால் உண்ணும் வரையிலோ கடைசி நாள் வரையிலோ அது தொடர்கிறது. அரசின் பொறுப்பும் அதுவரை நீள வேண்டும்.