கட்டாக்கில் நடந்த கலப்பு மணம்

1960களில் தஞ்சைத் தரணியெங்கும் தழைத்ததே ஆடுதுறை 27, அந்த நெல்லின் பெற்றோர் யார்? ஒன்று கோவை தந்த ஜி.இ.பி. 24, மற்றொன்று ஜப்பானின் நோரின் 10. மணப்பந்தல் கட்டாக்கிலே, 1946இல் எழுந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்திலே! ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 1950களில் ஆசிய நாடுகள் பலவற்றின் நெல்லினங்கள் அங்கே ஜப்பானிய நெல்லோடு இணைந்தன. சாதகம் பார்க்கவில்லை, சாதி கேட்கவில்லை! பிறந்த விதைகள் அந்தந்த நாட்டுக்கே திரும்பின. பாராட்டுகிறோம்.

ஆனால், வந்த வித்தை விதைத்து, கதிர் கதிராகப் பார்த்து, காவிரி மண்ணுக்கு ஏற்றதைப் பொறுக்கியெடுத்தது ஆடுதுறைப் பண்ணையல்லவா? மத்திய நிலையத்துக்கு மாலை விழட்டும், மறுக்கவில்லை. உலகக் கூட்டுறவு என்று டில்லி ஒதுக்கும் பணத்தில், சேற்றில் இறங்கித் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பண்ணைக்கும் உரிய பங்கைப் பிரித்துக் கொடு என்கிறோம்!