மதிலின் மெலிந்த இடம்

தகடூர்க் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்ற வரலாறு இம்மாவட்டத்தார்க்குப் புதிதன்று. மதில் எவ்விடத்தில் மெலிந்துள்ளது என்பதைப் பகைவன் காணுமுன் காவலன் கண்டாக வேண்டும். இன்று நம் மதில் கல்லால் ஆனதன்று. வங்கிக் கணக்கும் நிலப்பட்டாவும் தேர்வு மதிப்பெண்ணும் விரல்நகம் அளவேயான சிலிக்கன் சில்லுகளின் காவலில் உள்ளன.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கல்லூரி ஒன்றின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களை ஆராயுங்கால், பென்டியம் செயலி வகுத்தலில் பிழை செய்வதைக் கண்டறிந்தார். அற்பப் பிழை என்று முதலில் கூறிய இன்டெல் நிறுவனம், பின்னர் 47.5 கோடி டாலர் இழப்பை ஏற்றுச் செயலிகளை மாற்றித் தர நேர்ந்தது. கண்டவர் ஒரு கல்லூரி ஆசிரியர் என்பதில் நமக்குச் சிறிது பெருமிதம் உண்டு.

அது கணக்குப் பிழை. 2018 சனவரி 3 அன்று உலகறிந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகளோ காவலையே உடைப்பவை. பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் வருபவர் தொலைவில் தென்பட்டதுமே தேநீரை ஆற்றி வைத்துவிடுகிறார். அவர் வாராமற்போனால் கொட்டிவிடுகிறார். ஆயினும் குவளையில் சூடு எஞ்சியிருக்கிறது. தொட்டுப் பார்ப்பவன், யாருக்காக ஆற்றப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்வான். செயலியும் விரைவின் பொருட்டுக் கட்டளை உறுதியாகுமுன்பே முன்கூட்டி வேலை செய்கிறது. தவறெனின் விளைவை அழித்துவிடுகிறது. ஆனால் இடைநினைவகத்தில் சுவடு எஞ்சுகிறது. அங்குள்ள தரவு விரைந்து கிடைக்கும், இல்லாதது தாமதிக்கும். அக்கால வேறுபாட்டை அளந்தே மறைபொருளைப் படித்துவிடலாம். 1995 முதல் வந்த இன்டெல் செயலிகளுள் பெரும்பாலானவை இதற்கு ஆட்படக்கூடும் என ஆய்வாளர் அறிவித்தனர்.

இக்குறைகளைக் கண்டவர்களுள் கூகுள் நிறுவனத்தின் 22 அகவை இளைஞர் யான் ஹார்னும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அடங்குவர். ஹார்ன் 2017ஆம் ஆண்டின் நடுவிலேயே நிறுவனங்களுக்குத் தெரிவித்து, மாற்று வழி ஆயத்தமாகும் வரை ஏறத்தாழ ஆறு திங்கள் ஊரறியாது காத்தார். விற்றிருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம்.

ஹேக்கர் என்பதற்குக் 'கொந்தர்' என்றொரு தமிழாக்கம் உண்டு. அச்சொல் பழத்தைக் கொந்திப் பாழாக்கும் பறவையையே நினைவூட்டுவதால், இத்தகையோரை அச்சொல்லால் சுட்ட எமக்கு மனமில்லை.

நம் நாடு இவர்களை எவ்வாறு நடத்துகிறது? 2010ஆம் ஆண்டில் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், வெளிநாட்டு ஆய்வாளர் இருவருடன் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை ஆராய்ந்து, அதன் குறைகளை வெளியிட்டார். எந்திரத்தைத் தந்தவர் யார் எனக் கூற மறுத்தமையால் அவ்வாண்டு ஆகஸ்டில் கைதானார். ஒரு வாரத்திற்குப் பின்னரே பிணையில் வந்தார். அதே ஆண்டில் அமெரிக்க அமைப்பொன்று அவருக்கு விருதளித்தது. எந்திரம் பெறப்பட்ட முறை பற்றி வினா எழுப்பியதில் அரசைக் குறை கூறோம். ஆனால் குறை உண்டா என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டதை ஏற்க இயலவில்லை. மாறாக, தமிழகத்து இளைஞர் லட்சுமண் முத்தையா இன்ஸ்டாகிராமின் குறையைச் சொன்னதற்கு 2019இல் 30,000 டாலரும், மைக்ரோசாப்டின் குறையைச் சொன்னதற்கு 2021இல் 50,000 டாலரும் பரிசு பெற்றார். தந்தவை அயல்நாட்டு நிறுவனங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் இசைவின்றிக் கணிப்பொறியை அணுகுவதையே இழப்பீட்டிற்குரிய செயலாக்குகிறது. நல்லெண்ணத்தோடு குறையை அறிவிப்பவர்க்கு வெளிப்படையான காப்பு அதில் இல்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இத்தகைய அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்கிறது. எனினும் அறிவித்தவரைச் சட்டம் காக்க வேண்டாவா? அத்தகைய விலக்கைப் பாராளுமன்றம் சேர்த்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. பிறர் தரவை எடுத்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவோருக்கு அவ்விலக்கு உரியதன்று.

எம் மாணவர் ஒருவர் ஓர் அலுவலகத்தின் முடிவுப் பட்டியலில் தம் பதிவெண்ணை ஓர் இலக்கம் மாற்றியிட, மற்றொருவரின் விவரம் முழுதும் வந்து நின்றதைக் கண்டு கடிதம் எழுதினார். காவல்துறைக்குச் சொல்லிவிடுவோம் என்பதே மறுமொழி. அவர் இன்று ஓசூரில் பணிபுரிகிறார். அதன்பின் கண்ட எக்குறையையும் எவரிடமும் உரைத்ததில்லை என்று, சென்ற முறை எம்மைக் காண வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.