பழைய காரும் பிறேக் ஒயிலும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் இன்னமும் ஓடுவதைக் கண்டு, விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த நண்பர்கள் வியப்பதுண்டு. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் இவை. அந்தச் சமாளிப்பு எமது மக்களின் பெருமை. ஆனால், அதே மனப்பாங்கைப் பிறேக் விடயத்திலும் தொடர்வது ஆபத்தானது என்பதே எனது கருத்து.

அண்மையில் நண்பர் ஒருவரின் மொறிஸ் மைனரில் பயணித்தபோது பிறேக் ஒயில் குறைந்திருக்கக் கண்டோம். கராஜில் இருந்த இளைஞர், எப்போதோ திறந்து மீதி வைத்த போத்தல் ஒன்றை எடுத்து வந்தார். "எல்லாம் ஒயில்தானே ஐயா" என்றார்.

அல்ல. பெயரில்தான் ஒயில் இருக்கிறது. டொட் 3, டொட் 4 என விற்கப்படுபவை கிளைக்கோல் வகைத் திரவங்கள். அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. டொட் 4 தரத்தின்படி, புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 வீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகையாக இறங்கிவிடுகிறது. கடுகண்ணாவை இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்து வரும்போது சூட்டில் திரவம் கொதித்தால், உண்டாகும் ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. கிளைக்கோல் திரவத்துக்குப் பதிலாக இயந்திர எண்ணெயை விட்டாலோ, இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இலக்கம் கூடினால் தரமும் கூடும் என்று நம்பி டொட் 5 வாங்குவோரும் உளர். அது சிலிக்கோன், கிளைக்கோலுடன் கலக்கவே கூடாது. பெயர் ஒத்த டொட் 5.1 கிளைக்கோல் வகையே.

மைனர் அறிமுகமான 1948 இல் டொட் தரமே கிடையாது. இன்று அதற்கு, முத்திரை உடைக்காத போத்தலில் வரும் டொட் 4 போதுமானது. பழைய திரவத்தை முற்றாக வெளியேற்றிவிட்டு நிரப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வயதான வளையங்களையும் குழாய்களையும் அப்போதே புதுப்பிப்பது நன்று. திரவம் குறைந்திருந்தால், மேலே ஊற்றி நிரப்பி விடாமல் கசிவு எங்கே என்று தேட வேண்டும். மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் பிறேக் சுற்று ஒன்றே. ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் போய்விடும்.

நண்பர் அந்தப் போத்தலை மறுத்துவிட்டார். காரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் பேருந்தில் வீடு திரும்பினோம்.

மண்ணெண்ணெயில் இயந்திரம் நின்றால் காரைத் தள்ளிக்கொண்டு போகலாம். பிறேக் கைவிட்டால், எமது சிக்கனத்துக்கு விலை கொடுப்பவர் வீதியைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம்.