முதல்ல ‘சேவ்’ பண்ணக் கத்துக்கணும்!



கம்ப்யூட்டர் பாடம்னா நாம என்ன செய்றோம்? கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ்னு மனப்பாடம் பண்றோம். அதுவும் தேவைதான். ஆனால் அடிச்சதைச் சேமிக்கவும், ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் தெரியலைன்னா அந்த மார்க்கால் என்ன பயன்?

1983-ல் அமெரிக்காவில் டி.ஆர்.எஸ்-80 மாடல் 100 என்ற கணினி விற்பனைக்கு வந்தது. மடியில் வைத்து எழுதலாம். பெரிய நோட்டு அளவுதான் இருக்கும். திரையில் மொத்தமே 8 வரி, வரிக்கு 40 எழுத்து. நாலு சின்ன பேட்டரியில் ஓடும். பத்திரிகை நிருபர்கள் அதைப் போகிற இடமெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. அதில் ‘சேவ்’ பண்ணவே வேண்டாம். அடிப்பது நினைவகத்திலேயே தங்கும். அணைத்தாலும் பேட்டரி அதைக் காப்பாத்தும். வேறு புரோகிராம் வேணும்னா எஃப்-8 பட்டனைத் தட்டணும், பட்டியல் வரும், அதில் ஒன்றைத் திறக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

மற்ற பெரும்பாலான கணினிகள் அப்படி இல்லை. அவற்றில் நினைவகம் கரும்பலகை மாதிரி. கரண்ட் போனா அழிஞ்சிடும். டிஸ்க் நம்ம நோட்டு மாதிரி. பலகையில் இருப்பதை நோட்டில் எழுதி வைப்பதுதான் ‘சேவ்’. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினா போதும். விண்டோஸில் ஆல்ட்டும் டேபும் அழுத்தினா, எதையும் மூடாமலே அடுத்த புரோகிராமுக்குப் போகலாம்.

“இப்போ போனே தானா சேவ் பண்ணிக்குதே”ன்னு சிலர் கேக்கலாம். பண்ணுது, சரி. எங்கேன்னு கேட்டா எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? ஸ்காலர்ஷிப்புக்குச் சான்றிதழ் கேட்கும்போது, போனிலேயே இருக்கிறதைத் தேடத் தெரியாம, நெட் சென்டரில் மறுபடியும் காசு கொடுக்க வேண்டியிருக்கு. கூலி வேலை செய்யும் வீட்டில் அது சின்னக் காசு இல்லை.

ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி நாலு பேர் உட்கார்ந்தா ஒருத்தர் அடிக்கிறார், மூணு பேர் வேடிக்கை பார்க்கிறோம். அதிலும் பொண்ணுங்க பின் வரிசை. பார்த்துக்கிட்டே இருந்தா சைக்கிள் ஓட்ட வருமா?

அதனால் என் கருத்து இதுதான். ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்க. நாலு வரி அடிச்சு, பேர் வச்சு, சேவ் பண்ணி மூடணும். அடுத்த வாரம் அதை அவங்களே தேடித் திறந்து காட்டணும். அதுக்கு மார்க் போடுங்க, டீச்சர்!

கண்ணால் பார்த்தது பாதி, கைபட்டால்தான் மீதி!



– 9-ஆம் வகுப்பு மாணவி