ஆப்பிரிக்கத் துணியின் ஹாலந்து விலாசம்

உலகமயமாக்கல் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்பது எந்த மேடையிலும் எடுபடும் புலம்பல். பர்கர், ஜீன்ஸ், ஹாலிவுட் என்று வரிசையாகச் சொல்லி, மண்ணின் பண்பாடு மாண்டுபோயிற்று என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். இடதுசாரியும் மதவாதியும் ஒரே குரலில் பேசுகிற அபூர்வமான விஷயம் இது. சந்தேகப்பட அதுவே போதும். 1993-இல் வெளிவந்த ஜார்ஜ் ரிட்சரின் ‘மெக்டொனால்டுமயமாதல்’ நூலையும் இதற்குச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தச் சமூகவியலாளர் அதிகம் கவலைப்பட்டது வேலையும் நிர்வாகமும் இயந்திரகதியாகிப் போவதைப் பற்றி. மேடைக்கு வந்து சேர்வதற்குள் அது சாப்பாட்டுத் தட்டைப் பற்றிய பயமாகச் சுருங்கிவிட்டது.

இந்தப் புலம்பலுக்கு அடியில் இரண்டு அனுமானங்கள் கிடக்கின்றன. கலப்பே இல்லாத பண்பாடு ஒன்று முன்பு இருந்தது என்பது முதலாவது. வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறவர்கள் வாயில்லாப் பூச்சிகள் என்பது இரண்டாவது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் இரண்டுமே நிற்காது.

ஆப்பிரிக்க உடை என்றதும் நினைவுக்கு வருகிற, கண்ணைப் பறிக்கும் ‘வாக்ஸ்’ துணியின் பூர்வீகம் இந்தோனேசியா. ஜாவாவில் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாட்டிக்கை, 19-ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் இயந்திரத்தில் போலி செய்தன. மெழுகு விரிசல் விட்டு, சாயம் கசிந்து, துணியெங்கும் மெல்லிய கோடுகள் ஓடின. பாட்டிக்கின் நேர்த்தி தெரிந்த ஜாவாக்காரர்களுக்கு அது குறையாகப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலோ அதே கோடுகளுக்காகவே துணி விற்றது. ஹாலந்தின் ஹெல்மோந்த் நகரில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றைக்கும் அந்தச் சந்தையை நம்பித்தான் நடக்கிறது.

அப்படியானால் அது ஐரோப்பியத் துணிதானே என்பார்கள். அதை டோகோவின் தலைநகர் லோமேயில் வியாபாரம் செய்த பெண்களிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வலம் வந்ததால் ‘நானா பென்ஸ்’ என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். எந்த வடிவம் ஓடும், எது தேங்கும் என்ற அவர்கள் கணிப்பை ஹாலந்து ஆலை கேட்டு நடந்தது. ஆலையிலிருந்து வரும்போது துணிக்கு வெறும் எண்தான் இருக்கும். பெயர் வைத்தது சந்தை. கூண்டும் பறவையும் உள்ள ஒரு வடிவத்துக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர். ஊர்சுற்றும் கணவனுக்கு மனைவி வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அதை உடுத்திக்கொண்டு எதிரே வந்தால் போதும்.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் செய்தது இதைவிடத் துணிச்சல். சென்னை வட்டாரத் தறிகளிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணியை வாங்கி, பிளேடால் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, அதற்குள்ளிருந்து வேறொரு கோலத்தை எடுத்தார்கள். நெய்தவரே பார்த்தாலும் தன் சரக்கு என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார். அந்த மக்களின் பிறப்புச் சடங்கிலும் சாவுச் சடங்கிலும் மெட்ராஸ் துணிக்கு இடம் உண்டு. அதை அந்நியம் என்று ஒதுக்கச் சொன்னால் கலபாரிப் பண்பாட்டில் பாதியை உரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

இதைக் காட்டி, கலப்பு வாழ்க என்று கொண்டாடக் கிளம்புகிறவர்களும் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறார்கள். இழப்பு உண்டு. அது காசிலும் வேலையிலும் விழுந்த இழப்பு. 1994 ஜனவரியில் டோகோவிலும் அண்டை நாடுகளிலும் புழங்கும் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே அறிவிப்பில் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஹாலந்துத் துணியின் விலை எகிறியது, நானா பென்ஸ்களின் கொடி இறங்கியது. பிறகு அதே வடிவங்களைச் சீன ஆலைகள் மலிவாக அச்சடித்து அனுப்பின. நைஜீரியாவின் கடூனாவில் ஊருக்கே சோறு போட்ட துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சந்தைப் பெண்கள் பெயர் வைத்து மதிப்பேற்றிய வடிவங்களின் உரிமை மட்டும் ஹெல்மோந்தை விட்டு நகரவில்லை. 2010-இல் விலிஸ்கோவை ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பெயர் வைத்தவர்களுக்கு அந்த விற்பனையில் என்ன பங்கு என்று எந்தப் பண்பாட்டுக் காவலரும் கேட்கவில்லை.

காவலர்களுக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. 2004-இல் கானா அரசு, வெள்ளிக்கிழமைதோறும் உள்நாட்டுத் துணியில் வேலைக்கு வாருங்கள் என்று இயக்கம் தொடங்கியது. மக்களும் ஆசையோடு உடுத்தினார்கள். ஆனால் கானா வடிவங்களையே நகலெடுத்த மலிவுத் துணி எல்லை தாண்டி வந்து அக்ரா சந்தையில் குவிந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகங்களில் உள்ளூர்க் களை கட்டியிருந்த அதே ஆண்டுகளில், தேமாவிலும் அகோசொம்போவிலும் ஆலைகள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்தன.